சிவப்புத் துணி கட்டிய செடிகள்

“நம்ம ரைட்டரு போயிட்டாருங்க சார்” என்று எஸ்டேட் ஆபீஸ் வாசலில் நின்று சொன்னாள் கவாத்து வெட்டும் பழனியம்மா. “மேச்சரிவுல காப்பிச் செடிக்குள்ள கெடந்தாருங்க. கை நெறையாச் செவப்புத் துணிங்க.” அவர் ஏன் அங்கே ஏறினார் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன்.

எஸ்டேட் கணக்கெழுதிய ரைட்டர் அர்த்தனாரியை அறிந்த உங்களுக்கு அந்தத் துணியும் தெரியும். காப்பிச் செடிகளின் கிளைகளை வெட்டிவிடும் கவாத்து தொடங்குமுன் வரிசை வரிசையாக நடந்து, சின்னான் குருவி கூடு கட்டிய செடிகளில் ஒரு துண்டுத் துணியைக் கட்டிவிடுவார். அந்தச் செடிகளில் கத்தி படாது. “குஞ்சு பறக்கற வரைக்கும் அது அவங்க ஊடு” என்பார்.

சின்னான் குஞ்சுக்குப் பழம்தான் தீனி என்று ஒருமுறை சொன்னார். முதல் நாட்களில் பூச்சியும் புழுவும்தான் அதிகம் என்று திருத்தினேன். நான் விலங்கியல் முதுகலை, அவரிடம் கிளார்க். “சார் காயிதத்துல படிச்சிருக்காருங்க. சின்னான் இன்னும் படிக்கலீங்களே!” கவாத்துப் பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை.

அந்தப் பருவத்திலேயே பார்த்தேன். ஒரு செம்போத்து, துணி கட்டிய செடிக்கு நேராக நடந்து வந்து உள்ளே நுழைந்தது. அலகில் குஞ்சோடு வெளியே வந்தது. பிறகு அடுத்த துணிக்குப் போனது. நடுவில் இருந்த செடிகளைத் திரும்பியும் பார்க்கவில்லை. நான் வாய் திறக்கவில்லை. இரண்டு பருவங்கள் அவர் காலிக் கூடுகளைக் கொண்டுவந்து, “ஏனுங்க சார், பாம்பா இருக்குமுங்களா?” என்று கேட்டார். “இருக்கலாம்” என்றேன்.

போன வாரம் மறுபடி என் படிப்பைக் கேலி செய்தார். குத்த வேண்டும் என்றே சொன்னேன்: “உங்கள் துணிதான் செம்போத்துக்கு வழிகாட்டுகிறது.” “மொதல்லயே சொல்லியிருந்தீங்கன்னா…” என்று தொடங்கியவர் முடிக்கவில்லை. மேடு ஏறக் கூடாது என்று டாக்டர் அவரைத் தடுத்திருந்தது எனக்குத் தெரியும். மறுநாளே துணிகளை அவிழ்க்க ஏறிவிட்டார்.

அந்தக் கேலி எனக்கு இன்னும் உறுத்துகிறது. அவர் செத்துவிட்டார் என்பதற்காக, உறுத்தவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அடக்கம் முடிந்த மறுநாள் மேச்சரிவுக்குப் போனேன். அவர் துணி அவிழ்த்திருந்த செடிகளில் கூடுகள் காலியாகக் கிடந்தன; அவர் விழுந்த இடத்துக்கு அடுத்த வரிசையில் ஒரு துணி மட்டும் மிச்சமிருந்தது. கூட்டுக்குள் மூன்று குஞ்சுகள் என்னைத் தாய் என்று நினைத்து வாய் பிளந்தன. முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தேன். கீழே எங்கோ செம்போத்து கூப் கூப் என்றது.

நாளை மறுபடி கவாத்து. துணி இல்லாத செடி என்றால் கத்தி இறங்கிவிடும். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது சட்டைப்பையில் இருக்கும் இந்தத் துணியும், விடிந்ததும் பழனியம்மாவிடம் நான் வாய் திறந்து சொல்ல வேண்டிய அந்த ஒரு செடியும்தான்.