பாலிங்-2 காலியாக இல்லை

போன வருடம், மழை பிடித்துக்கொண்டிருந்த ஒரு வியாழக்கிழமை காலை. பாக்கார் ஆராங்கில் ஒரு கடைவீட்டின் மாடியில் இருக்கிறது நான் வேலை செய்யும் அலுவலகம். மலேசியாவின் கடா மாநிலத்தில் மூன்று ஊர்களில் ரத்தச் சுத்திகரிப்பு (டயாலிசிஸ்) மையம் நடத்தும் ஒரு சங்கத்துக்கு நாங்கள்தான் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறோம். சுங்கைப்பட்டாணியில் ஒன்று, பாலிங்கில் ஒன்று, யானில் ஒன்று.

நான் மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில், பள்ளியை விட்டவள். கையுறைத் தொழிற்சாலையில் ஆறு வருடம், பிறகு கணினி பழுதுபார்க்கும் கடை, அப்புறம் இங்கே. லினக்ஸை எனக்கு யாரும் வகுப்பெடுத்துச் சொல்லித் தரவில்லை. தட்டிப் பார்த்து, கெடுத்து, திரும்பச் சரிபண்ணிக் கற்றதுதான். அதனாலோ என்னவோ, பயம் போகவே இல்லை. வீட்டைப் பூட்டிவிட்டுப் பாதி வழி போனபிறகு, திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ரகம் நான்.

சர்வரில் தரவுத்தள மென்பொருளை நிறுவுவதற்கென்றே ஒரு பள்ளி நோட்டுப் புத்தகம் வைத்திருந்தேன். அதில் முப்பத்தொரு படிகள். ஒவ்வொன்றும் முடிந்ததும் பென்சிலால் ஒரு கோடு போடுவேன். முதல் படி என்ன தெரியுமா? 'மையத்துக்குப் போன் போட்டு, இந்த மெஷினில் ஏதாவது ஓடுகிறதா என்று கேள்.' இப்படிச் செய்தால் ஒரு சர்வருக்கு ஒரு நாள் ஆகும்.

அந்த மாதம் மூன்று மையங்களிலும் சேர்த்து, இன்னும் பயன்பாட்டுக்கு வராத ஐந்து சர்வர்களில் புதிய பதிப்பைப் போட வேண்டியிருந்தது. ஐந்து நாள் உட்கார முடியாது என்பதால், முப்பத்தொரு படிகளையும் ஒரு ஸ்கிரிப்டாக எழுதினேன். சர்வர்களின் பெயர்களை ஒரு பட்டியலாகக் கொடுத்துவிட்டால் அது தானாகவே ஒவ்வொன்றாகப் போய் நிறுவிவிடும். பாதியில் நின்றுபோன பழைய நிறுவல் ஏதாவது கிடந்தால் புதியது ஏறாது என்பதால், பழைய தரவுக் கோப்புறையைத் துடைத்துவிட்டுத்தான் தொடங்கும். துடைப்பதற்கு முன்னால் 'நிச்சயமா?' என்று கேட்கும்படி வைத்திருந்தேன். போன் போடும் முதல் படிக்குப் பதிலாக அந்தக் கேள்விதான்.

என்னோடு வேலை செய்யும் பையனைத் தம்பி என்றுதான் கூப்பிடுவேன். பட்டதாரி. நல்ல பையன்தான். அன்று காலை அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "அக்கா, ஒவ்வொரு மெஷினுக்கும் பக்கத்துல உக்காந்து யெஸ் யெஸ்னு தட்டிக்கிட்டு இருக்கணும்னா இது எதுக்கு? கையிலயே போட்டுரலாம் லா."

சும்மா கிண்டலுக்குத்தான் சொன்னான். எனக்கு முகம் சூடாகிவிட்டது. படித்தவர்கள் இப்படிப் பயப்பட மாட்டார்கள், படிக்காதவள் என்பது இதில்தான் தெரிகிறது என்று தோன்றியது. அந்தக் கேள்வியை எடுத்தேன். நோட்டுப் புத்தகத்தையும் இழுப்பறைக்குள் தள்ளிவிட்டேன். மறுநாள் வெள்ளி, எங்கள் மாநிலத்தில் வார விடுமுறை. அதற்குள் முடித்துவிட வேண்டும் என்று பதினொரு மணிக்கு ஸ்கிரிப்டை ஓடவிட்டேன்.

முதல் மூன்றும் சரியாக வந்தன. புது மெஷின்கள், துடைக்க ஒன்றுமில்லை, கண்ணிமைக்கும் நேரத்தில் தாண்டிப் போனது. நான்காவது பாலிங்-2. பாலிங் மையத்தில் உபரியாகக் கிடந்த சர்வர், எதுவும் இல்லாதது. அங்கே 'பழைய கோப்புறை அகற்றப்படுகிறது' என்ற வரியில் ஸ்கிரிப்ட் நின்றது. பத்து விநாடி. இருபது. ஒரு நிமிடம் ஆகப்போகிறது. காலி வீட்டைப் பெருக்க இவ்வளவு நேரமா?

கை தானாக இழுப்பறைக்குப் போனது. நோட்டைப் பிரித்து பாலிங்-2 பக்கத்தைத் தேடினேன். ஓரத்தில் பென்சிலால் என் கையெழுத்து: 'யானுக்குப் போய்விட்டது. பெயர் இன்னும் மாற்றவில்லை.'

மூன்று வாரத்துக்கு முன்னால் யான் மையத்தில் கூரை ஒழுகி சர்வர் நனைந்துபோனது. எங்கள் முதலாளி பாலிங்-2-ஐக் காரில் தூக்கிக்கொண்டு போய் அங்கே வைத்துவிட்டு வந்தார். எனக்குத் தெரியும். நானே எழுதி வைத்திருக்கிறேன்.

ஸ்கிரிப்டை நிறுத்தினேன். அதற்குள் துடைத்து முடித்திருந்தது. தம்பியிடம் சொல்ல வாயைத் திறக்கிறேன், போன் அடிக்கிறது. யான் மையத்துத் தாதி. தாதிகளை எங்கள் பக்கம் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம்.

"இங்க ஸ்கிரீன்ல யாரு பேருமே வரலமா. வெள்ளையா இருக்கு."

நான்தான் அழித்துவிட்டேன் என்று சொன்னேன். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. காலையில் வந்தவர்களுக்குச் சுத்திகரிப்பு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது, பிரச்சினை மதியம் வருகிறவர்களுக்குத்தான் என்றார் மிஸ்ஸி. பன்னிரண்டரைக்கு ஏழு பேர். யாருக்கு உடம்பிலிருந்து எவ்வளவு நீர் எடுக்க வேண்டும், என்ன மருந்து, எது ஒத்துக்கொள்ளாது, எல்லாம் அந்தக் கணினியில்தான். நீரை அளவுக்கு மேல் எடுத்துவிட்டால் ரத்த அழுத்தம் இறங்கி ஆளே சாய்ந்துவிடலாம்.

எங்களிடம் நகல் இருந்தது, ஆனால் போன வெள்ளிக்கிழமை எடுத்தது. தம்பி நாற்காலியை இழுத்துப் போட்டு அதை ஏற்றத் தொடங்கிவிட்டான். எனக்கு அதுவே பெரிய பயமாகிவிட்டது. ஏற்றி முடித்தால் திரையில் எல்லாப் பெயரும் வந்துவிடும். பார்க்கச் சரியாகத்தான் இருக்கும். ஆறு நாள் பழைய கணக்கு என்று யாருக்குத் தெரியும்? இவர்கள் கடைசியாக வந்த செவ்வாய்க்கிழமை மாறியது எதுவும் அதில் இருக்காதே என்று மிஸ்ஸியிடம் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் குரலைத் தாழ்த்தினார். "மேல சொல்லிறாதமா. இனிமே தாள் வேண்டாம், எல்லாம் கம்ப்யூட்டர்னு நீங்கதான வந்து சொல்லிக் குடுத்துட்டுப் போனீங்க. நான் நிறுத்தல. தினமும் வேலை முடிஞ்சதும் ஒரு புக்ல எழுதிருவேன். யான்ல மழை பேஞ்சா கரண்டு எப்ப போகும்னு யாருக்குத் தெரியும்?"

தாள் வேண்டாம் என்று போய்ச் சொன்னது நான்தான். என் இழுப்பறையில் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு.

யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டால் என்று நான் தொடங்கியதும் மிஸ்ஸி தடுத்தார். "இப்ப பயப்படாத. அப்புறமா ரெண்டு பேரும் உக்காந்து பயந்துக்கலாம். இப்ப நான் படிக்கிறத எழுது."

படித்தார். நான் எழுதி, திருப்பிப் படித்துக் காட்டி, அவர் ஆமாம் என்றதும் கோடு போட்டேன். பின்னால் ஒரு பெரியவரின் குரல் கேட்டது. மதியத்துக்கு முன்னதாகவே வந்து உட்கார்ந்திருப்பவர் போலிருக்கிறது. "என்ன மிஸ்ஸி, கம்ப்யூட்டருக்கும் கிட்னி போயிருச்சா?" மிஸ்ஸி அவரைச் சும்மா இருக்கச் சொல்லிவிட்டு, அடுத்து அவருடைய கணக்கைத்தான் படித்தார். செவ்வாய்க்கிழமை அவருக்கு மயக்கம் வந்து, டாக்டர் நீரின் அளவை இரண்டரை லிட்டரிலிருந்து இரண்டாகக் குறைத்திருக்கிறார்.

பன்னிரண்டு பத்துக்கு நகல் ஏறி முடிந்தது. முதலில் அந்தப் பெரியவரின் பக்கத்தைத்தான் திறந்தேன். திரையில் பளிச்சென்று இரண்டரை என்று இருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு இரண்டு என்று மாற்றினேன். மற்ற ஆறு பேருடையதையும் மிஸ்ஸி அங்கே புத்தகத்தோடு ஒத்துப் பார்த்துச் சொல்லச் சொல்ல மாற்றினேன். பன்னிரண்டரை மணிக்கு ஏழு பேரும் படுக்கைக்குப் போனார்கள். நாலரை மணிக்கு மிஸ்ஸி மறுபடி கூப்பிட்டு, எல்லாரும் நடந்தே வேனுக்குப் போய்விட்டார்கள் என்று சொல்லும்வரை நான் இடத்தைவிட்டு எழவில்லை.

முதலாளியிடம் நானே போய்ச் சொன்னேன். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். அவர், பெயரை மாற்றாமல் விட்டது தன் தப்பு என்றார். தம்பி, கேள்வியை எடுக்கவைத்தது தான்தான் என்றான். ஆளுக்கொரு தப்பு இருந்தது உண்மைதான். ஆனால் அந்த நோட்டை மூடி உள்ளே தள்ளியது என் கைதானே.

மறுநாள் விடுமுறையிலும் யானுக்குப் போனேன். ஜெராய் மலை மேகத்துக்குள் இருந்தது. மற்ற நோயாளிகளின் ஆறு நாள் கணக்கையும் மிஸ்ஸியின் புத்தகத்தைப் பார்த்துப் பதிந்தேன். அட்டை கிழிந்த பழைய புத்தகம் அது. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு. என் நோட்டையும் பையிலிருந்து எடுத்து அவர் முன்னால் வைத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "நீயுமா?" என்று கேட்டார். அவ்வளவுதான்.

இப்போது அந்த ஸ்கிரிப்ட் எதையும் துடைப்பதில்லை. உள்ளே ஏதாவது இருந்தால் அப்படியே நின்றுவிடும். அந்த மெஷின் இன்றைக்கு எந்த ஊரில் இருக்கிறது, யாரிடம் போன் போட்டுக் கேட்டாய் என்று எழுதினால்தான் நகரும். ஒவ்வொரு முறையும் அதைத் தட்டும்போது, வேனுக்கு நடந்து போன ஏழு பேர் நினைவுக்கு வருகிறார்கள். என் பயத்தைப் பார்த்து அதன்பிறகு நான் ஒருநாளும் வெட்கப்பட்டதில்லை.