அக்கா உடம்பில் தங்கிய செம்பு

ஏலக்காய் பறிப்பது விரல் வேலை. செடியின் தூரில் தரையோடு கிடக்கும் சரத்தில் பழுத்த காயை மட்டும் கிள்ளி எடுக்க வேண்டும். பிஞ்சும் சேர்ந்து வந்துவிட்டால் அடுத்த பறிப்புக்கு ஒன்றும் மிஞ்சாது. வண்டன்மேட்டுப் பக்கம் நாங்கள் இருந்த தோட்டத்தில், புதிதாக வரும் பெண்களை என் அக்காவின் பக்கத்தில்தான் உட்கார வைப்பார்கள். அந்த அக்கா ஒரு பறிப்புக் காலத்தில் சரத்தையே பிய்த்தெடுக்க ஆரம்பித்தாள்.

வேலையை மேற்பார்க்கும் கங்காணி முதலில் சிரித்தார். “என்ன தாயி, காய் பறிக்கிறியா, களை பிடுங்குறியா?”

அக்கா சூடாக ஏதோ திருப்பிச் சொன்னாள். சொற்கள் நாக்கிலேயே குழைந்துவிட்டன. பக்கத்தில் பறித்துக்கொண்டிருந்த, மதினி முறையாகும் ஒருத்தி, “விடிஞ்சதும் ஊத்திக்கிட்டு வந்துட்டா போல” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அன்று சாயங்காலம் கஞ்சிக் கிண்ணத்தை அவளால் நேராகப் பிடிக்க முடியவில்லை என்று கண்டபோது எங்கள் வீட்டில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

மந்திரித்த கயிறு கட்டிப் பார்த்தோம். தோட்டத்து டிஸ்பென்சரியில் நரம்புத் தளர்ச்சி என்று டானிக் கொடுத்தார்கள். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான் என்பதால், மலைக்குக் கீழே இருந்த பெரிய ஆஸ்பத்திரிக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போவது என் பொறுப்பாயிற்று. அங்கே டாக்டர் அக்காவின் கண்ணில் விளக்கடித்து நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னையும் பார்க்கச் சொன்னார். கருவிழியின் ஓரத்தைச் சுற்றி, பாசி படிந்ததுபோல் ஒரு வளையம்.

“செம்பு ஆணு” என்றார் மலையாளத்தில். செம்புதானாம்.

சோறு, பருப்பு, காய் எல்லாவற்றிலும் கொஞ்சம் செம்பு இருக்கிறதாம். வேண்டியது போக மிச்சத்தை ஈரல் வெளியே தள்ளிவிடும். அக்காவின் ஈரலுக்குப் பிறவியிலேயே அது முடியவில்லை. அதனால் செம்பு ஈரலிலும் மூளையிலும் கண்ணிலும் தங்கிவிட்டது. வெறும் வயிற்றில் சாப்பிட ஒரு கேப்ஸ்யூல் எழுதித் தந்தார். அது செம்பைப் பிடித்து மூத்திரத்தோடு இறக்கிவிடும். ஆரம்பத்தில் நடுக்கம் கூடினாலும் கூடும், பயந்துபோய் நிறுத்தக் கூடாது, ஆயுசுக்கும் சாப்பிட வேண்டும், ஈரல் கறியும் நிலக்கடலையும் ஆகாது. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துகொண்டு பஸ் ஏறினேன்.

வீட்டில் வந்து ‘செம்பு’ என்ற சொல்லைச் சொன்னதுமே அப்பா எழுந்துவிட்டார்.

அப்பாவுக்கு மருந்தடிக்கிற வேலை. மழைக்கு முன்னால் ஏலத்துக்கு அழுகல் வராமலிருக்க, துருசு என்கிற நீல உப்பையும் சுண்ணாம்பையும் பீப்பாயில் கலக்கித் தெளிப்பார்கள். துருசில் செம்பு இருப்பது, தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் எல்லோருக்கும் தெரியும். கலக்கிய மருந்தில் அப்பா தன் கத்தியை முக்கி எடுப்பார். இரும்பில் செம்பு சிவப்பாகப் படிந்தால் துருசு தூக்கல் என்று அர்த்தம். அவருடைய சட்டை, நகக்கண், காது மடல்கூட நீலமாக இருக்கும். அந்தச் சட்டையோடுதான் சின்ன வயதில் அக்காவைத் தோளில் தூக்கி வைத்துக்கொள்வார்.

“நான்தான் பிள்ளைக்கு ஊட்டிருக்கேன்” என்றார்.

இல்லை என்றேன். டாக்டர் சொன்னதையெல்லாம் ஒப்பித்தேன். “டாக்டரு துருசு கலக்கிருக்காரா?” என்று ஒரே கேள்வியில் என்னை அடக்கினார். லயமும் அவர் பக்கம்தான். அதற்குப் பிறகு தன் சட்டையை ஓடையில் தானே துவைத்தார். வாசற்படியில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார். அக்கா நடுங்கிக்கொண்டே தண்ணீர் நீட்டினால், “அங்கன வச்சிரு தாயி” என்பார்.

டாக்டர் சொன்னதுபோலவே நடுக்கம் கூடிற்று. கரண்டி வாய்க்குப் போகாமல் கன்னத்தில் இடித்தது. அப்பா கேப்ஸ்யூல் குப்பியை எடுத்துத் தன் டிரங்குப் பெட்டியில் வைத்துக்கொண்டார்.

“இங்கிட்டு நான் கொண்டாந்து சேத்துக்கிட்டே இருக்கேன், அங்கிட்டு மருந்து எடுத்துக்கிட்டே இருக்கு. நடுவுல புள்ள சாகுது. நான் கீழ எறங்கிக் கம்பம் பக்கம் போயிர்றேன். அவ தானாத் தேறுவா.”

அம்மா அழுதாள். அக்கா பெட்டியைக் காட்டி என்னவோ சொன்னாள். எங்களுக்குப் புரியவில்லை. மருந்து வேண்டும் என்கிறாளா, வேண்டாம் என்கிறாளா என்பதுகூடத் தெரியவில்லை.

மறுநாள் காலை அப்பாவோடு நானும் பீப்பாய்க்குப் போனேன். அவர் கலக்கி, கத்தியை முக்கி எடுத்தார். சிவப்பு படிந்தது. அதைத் தேய்த்துத் துடைத்துவிட்டு, சுண்ணாம்புப் பால் ஊற்றிக் கலக்கி மறுபடி முக்கினார். கத்தி வெள்ளையாக வந்தது.

“துருச வெளிய எடுத்துட்டீகளாப்பா?”

“கூறுகெட்டவனே, அதெப்படி எடுக்க? சுண்ணாம்பு அதப் பிடிச்சுக்கிடும்.”

“சுண்ணாம்பு பத்தலன்னா?”

“எல கருகிப் போகும்.”

“எல்லாரு ஒடம்புலயும் அந்தச் சுண்ணாம்பு இருக்குப்பா. அக்காவுக்குப் பொறக்கையிலயே இல்ல. துருச கண்ணால பாக்காத வீட்டுப் புள்ளைகளுக்கும் இது வருதாம்.”

அவர் கத்தியைத் துடைக்காமல் பிடித்துக்கொண்டே நின்றார். “அப்ப அந்தக் குப்பியில இருக்குறது?”

“அதுதான் சுண்ணாம்பு.”

“பீப்பா நெறையத் துருசு கெடக்கு, மொதக் கரண்டி சுண்ணாம்புலயே கத்தி வெளுக்கலன்னு நிறுத்திட்டேன்ல நான்” என்றார். வேலையை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

பெட்டியைத் திறந்தபடி, பிறக்கும்போதே ஏன் இல்லாமல் போயிற்று என்று கேட்டார். இதற்கும் டாக்டர் பதில் சொல்லியிருந்தார். அப்பா ஒரு பாதி, அம்மா ஒரு பாதி, இரண்டு பக்கமும் சேர்ந்து வந்தால்தான் இந்த நோவு வருமாம்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “கேட்டீகளா? பாதி என்னுது. எல்லாத்தையும் நீங்களேதான் தூக்கிச் சொமக்கணுமா?”

முதலில் சிரித்தது அக்காதான். வாயோரம் எச்சில் வழிய, முந்தானையால் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். கேப்ஸ்யூலை அப்பாவே அவள் வாயில் போட்டார்.

கூடப்பிறந்தவர்களையும் சோதிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்ததால், அடுத்த முறை நானும் தங்கையும் கண்ணைக் காட்டினோம், ரத்தம் கொடுத்தோம். எங்கள் இருவருக்கும் ஒன்றுமில்லை. தங்கை மட்டும், கடலை மிட்டாய் சாப்பிடலாமா என்பதை டாக்டரிடம் நேராகக் கேட்டு உறுதி செய்துகொண்டாள்.

அக்காவுக்குக் குணம் தெரிய வெகுநாள் ஆயிற்று. முதலில் பேச்சு திரும்பியது, அதிலும் வசவுதான் முதலில் தெளிவாக வந்தது. கங்காணியிடம் அன்று நாக்கில் குழைந்துபோனதை ஒரு நாள் வழிமறித்துச் சொல்லி முடித்தாள். அவர், “யாத்தா, நல்லாயிட்ட” என்று ஒதுங்கிப் போனார்.

மறு வருஷம் மருந்தடிப்பு தொடங்கிய வாரம், அப்பா நீலச் சட்டையோடு ஓடைக்குக் கிளம்பினார். உள்ளே வந்து எங்களோடு உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கியிருந்தாலும், சட்டையை மட்டும் அதுவரை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. அக்கா அதை அவர் கையிலிருந்து பறித்தாள்.

“வைய்யி தாயி. அது வேணாம். நான் தொவச்சுக்கிடுறேன்.”

“நீங்க தொவச்சா நீலம் போகவா போகுது? தள்ளுங்க.”

ஒரு சொல்கூடக் குழையவில்லை. கல்லில் போட்டுத் தேய்த்தாள். நீல நீர் காலடியில் ஓடியது. அப்பா நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சட்டையை இரண்டு கையாலும் முறுக்கிப் பிழிந்தாள். வலது கட்டைவிரல் இன்னும் லேசாக ஆடிற்று. ஆனால் சட்டை நழுவவில்லை. கொடியில் விரித்துவிட்டு, முகத்தில் தெறித்ததைத் தோளில் துடைத்துக்கொண்டாள்.

“டேய் தம்பி, கேப்ஸ்யூல எடுத்துட்டு வா. சோறு ஆறுது.”

“மருந்து போட்டதும் சோத்துல கைய வச்சுராத, கொஞ்சம் பொறு” என்று அம்மா உள்ளேயிருந்து கத்தினாள்.

குப்பியைத் திறந்து நீட்டினேன். அக்கா இரண்டு விரலை உள்ளே விட்டு, மற்றவை அசையாமல் ஒன்றே ஒன்றைக் கிள்ளி எடுத்தாள்.