சித்தப்பாவின் கல்லச்சுப் படங்கள்

திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் லாரி வைத்திருந்தவர்கள் எல்லோரும் உதிரிபாகம் வாங்க மதராஸ் போய் வருவார்கள். எங்களோடு ஒரே வீட்டில் இருந்த சித்தப்பா மட்டும் உதிரிபாகங்களோடு படங்களும் வாங்கி வருவார். ஓவியர்கள் கல்லில் வரைந்து, மையிட்டு, தாளில் ஒற்றி எடுத்தவை. இருபது பிரதி எடுத்ததும் கல்லைத் தேய்த்துப் படத்தை அழித்துவிடுவார்களாம். ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலால் எண்ணும் கையெழுத்தும் இருக்கும். மரமோ மனிதரோ சாமியோ இருக்காது. கறைகள், கோடுகள், வட்டங்கள். கிரீஸ் துடைத்த துணிக்கு எதற்குக் கண்ணாடிச் சட்டம் என்று எங்கள் டிரைவர் கேட்டபோது சித்தப்பாவும் சேர்ந்து சிரித்தார்.

சித்தி முழுகாமல் இருந்தபோதுதான் அந்தச் சிரிப்பு நின்றது. பிள்ளைத்தாய்ச்சி கண் விழித்ததும் எதைப் பார்க்கிறாளோ அப்படித்தான் பிள்ளை பிறக்கும் என்பதில் வீட்டில் யாருக்கும் சந்தேகமில்லை. அம்மா, சித்தியின் அறையில் இருந்த ஐந்து படங்களையும் கழற்றிவிட்டு, கொழுகொழுவென்று ஒரு குழந்தை சிரிக்கும் காலண்டரை மாட்டினாள். அம்மாவின் இடுப்பில் என் கைக்குழந்தைத் தம்பி இருந்ததால், படங்களைப் பரணுக்குக் கொண்டுபோகும் வேலை எனக்கு. ஒன்பது வயது, சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை என்று பெயர்.

நான்கைக் கொண்டுபோனேன். ஐந்தாவதில் ஒரு பெரிய கறுப்பு வட்டம் இருந்தது. அதைச் சித்தி பிடித்துக்கொண்டாள்.

"இது பீரோவுக்குப் பின்னால இருக்கட்டும் சாமி. அக்காகிட்டச் சொல்லிராத."

மத்தியானங்களில் அதை எடுத்து எதிரே சாய்த்துவைத்துப் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் சொல்லவில்லை. சொல்லாதது தப்போ என்று தினமும் யோசித்தேன்.

எட்டாம் மாதம் சேலம் ஆஸ்பத்திரிக்குப் போன சித்தி வெறுங்கையோடு திரும்பினாள். பிறக்கும்போதே உயிரில்லையாம். அம்மா பரணிலிருந்த படங்களை இறக்கி வெந்நீர் அடுப்போரம் வைத்தாள். சித்தப்பா தடுக்கவில்லை. "எரிச்சுப் போடுங்க" என்று சொல்லிவிட்டு லாரிப் பட்டறைக்குப் போய்விட்டார்.

"நாலுதான் இருக்குது. இன்னொண்ணு எங்க?" என்று அம்மா என்னைக் கேட்டாள்.

நான் சொல்லாததால்தான் பாப்பா செத்தது என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. அழுதுகொண்டே பீரோவைக் காட்டினேன்.

அம்மா அதை இழுத்தெடுத்தபோது சித்தி எழுந்து உட்கார்ந்தாள்.

"அத இங்க மாட்டுங்க்கா. அந்தக் காலண்டரக் கொண்டுபோய் அடுப்புல போடுங்க."

இதனால்தானே எல்லாம் என்று அம்மா தொடங்கினாள். சித்தி குரலை உயர்த்தவில்லை.

"இதுல யாரு மூஞ்சியும் இல்லீங்க்கா."

அம்மா காலண்டரைக் கழற்றி, முந்தானைக்குள் மறைத்து எடுத்துப்போனாள். அடுப்போரத்தில் இருந்த நான்கு படங்களும் மூன்று நாள் அங்கேயே கிடந்து, மறுபடி பரணுக்குப் போயின.

இன்று என் குழந்தை தூங்கும்போது மூக்கருகே விரல் வைத்து வைத்துப் பார்க்கிறேன். பிறர் வீட்டுச் சுவர்களில் குழந்தைப் படங்களைக் கண்டால் சித்தியின் சொல் நினைவுக்கு வருகிறது. அன்று எனக்கு அது விளங்கவில்லை. சித்திக்குப் பாப்பா என்றாலே பிடிக்காமல் போய்விட்டது என்று நினைத்து, அவள் எங்கள் அறை வாசற்படியில் வந்து நின்று கை நீட்டிக் கேட்டபோதுகூட, தம்பியைக் கொடுக்காமல் தூக்கிக்கொண்டு ஓடினேன்.