ஹாஜியார் துஆவோடு அனுப்பிய படம்

போன மாதம் எங்கள் வேன் குரூப்பில் ஒரு படம் வந்தது, பிள்ளைகளே.

என்ன படம்? சொல்ல மாட்டேன். ஒரு பெண், தன்னைக் கலியாணம் முடிக்கப்போகிறவர் என்று நம்பிய ஒருவருக்கு மட்டும் அனுப்பிய படம். உங்களுக்குத் தெரிய வேண்டியது அவ்வளவுதான். ‘அப்படி என்னதான் படம்?’ என்று இப்போது மனம் குறுகுறுக்கிறதா? பெரியவர்களுக்கும் அப்படித்தான் குறுகுறுக்கும். அந்தக் குறுகுறுப்பில் ஏறித்தான் இந்தப் படங்கள் ஊர் சுற்றுகின்றன. அதற்கு நாம் வேன் ஓட்டக் கூடாது.

நான் தில்லையடியிலிருந்து பாடசாலை வேன் ஓட்டுகிறவன் என்பது இந்தச் சிறுவர் பக்கத்தை வாசிக்கிற உங்களுக்குத் தெரியும். ‘டயரில் காற்றுப் போய்விட்டது, கொஞ்சம் பிந்தும்’ என்று பெற்றோருக்குச் சொல்வதற்காகத்தான் அந்த வாட்ஸ்அப் குரூப்பைத் தொடங்கினேன். இப்போது அதில் டயரைத் தவிர எல்லாம் வருகிறது. இறால் விலை, காணாமல் போன பூனை, கல்பிட்டியில் மழை…

அன்று பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்து போனைத் திறந்தால் — ஹாஜியார் ஒரு படம் போட்டிருக்கிறார்.

ஹாஜியார் என்றால் எங்கள் பகுதியில் மதிப்பான மனிதர். உப்பளம் வைத்திருக்கிறார், பாலர் பாடசாலைக் கமிட்டிக்கும் அவர்தான் தலைவர். அவருடைய பேரன் என் வேனில்தான் வருகிறான். படத்தின் கீழே எழுதியிருந்தார்: ‘இது நம் ஊர்ப் பிள்ளை என்று சொல்கிறார்கள். தெரிந்தவர்கள் இந்தப் பிள்ளையின் வாப்பாவுக்கு அறிவிக்கவும். அல்லாஹ் நம் பெண்பிள்ளைகளைப் பாதுகாப்பானாக. அதிகம் பகிரவும்.’

அதன் கீழே வரிசையாக ஆமீன். ஆமீன். ஆமீன்.

பாதுகாக்கச் சொல்லி ஒரு துஆ. அதே மூச்சில், அதிகம் பகிரவும்!

படத்தில் இருந்த முகம் எனக்குத் தெரியும். தினமும் காலையில் என் வேனில் ஏறுகிற முகம். பஸ்னா டீச்சர் — அது அவருடைய சொந்தப் பெயர் இல்லை, நான் வைத்த பெயர். பாலர் பாடசாலை டீச்சர். வேனில் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, யாருடைய சப்பாத்து யாருடைய காலில் இருக்கிறது என்று பார்க்கிறவர். கட்டாரில் இருக்கும் ஒருவருக்கு அவரைப் பேசியிருந்தார்கள். பிறகு அந்தப் பேச்சு முறிந்தது. கோபத்தில் அந்த மனிதர் படத்தைத் தன் கூட்டாளிமாருக்கு அனுப்பினார். கூட்டாளிமார் அவரவர் கூட்டாளிமாருக்கு… கடைசியில் ஹாஜியாருக்கு.

நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் மனைவி ரமீஸா குசினியிலிருந்து வந்து எட்டிப் பார்த்தார். பார்த்ததும் கையால் திரையை மூடினார்.

“என்ன பாத்துக்கொண்டு நிக்கிறீங்க? நீங்கதானே அட்மின்?”

“ஹாஜியார் போட்டது. நான் எப்பிடி…”

“அட்மினுக்கு யார் போட்டதையும் அழிக்கலாம். வேன் மட்டும்தானா ஓட்டத் தெரியும்? தாங்க இங்க!”

அழித்தார். அழிந்தது. ஆனால் அதற்குள் ஒரு தாய் எழுதிவிட்டார்: ‘யா அல்லாஹ், இது நம்முட பாலர் பாடசாலை டீச்சர்தானே?’

அவ்வளவுதான். படத்துக்கு இப்போது பெயரும் கிடைத்துவிட்டது.

அடுத்த நாள் காலையில் பஸ்னா டீச்சரின் வீட்டுக்குப் போகும் ஒழுங்கை வாசலில் வேனை நிறுத்தினேன். ஹோர்ன் அடித்தேன். யாரும் வரவில்லை. “வேன் மாமா, டீச்சர் எங்க?” என்று பின்னாலிருந்து சத்தம். மறுபடியும் அடித்தேன். டீச்சரின் உம்மா வந்தார். முந்தானையை வாயோடு பிடித்திருந்தார். அவருக்கு நான் நானா, எனக்கு அவர் ராத்தா — அண்ணன், அக்கா மாதிரி.

“நானா, இனி இதில நிப்பாட்டாதீங்க. அவ வரமாட்டா. வேலய விடப்போறாவாம்.”

“ஏன் ராத்தா விடணும்? அவ என்ன செஞ்சா?”

“மெதுவாக் கதைங்க. சனம் பாக்குது.”

“பாக்கட்டும். வேன் நிக்கிறதப் பாக்கட்டும். நான் நாளைக்கும் நிப்பாட்டுவன், ராத்தா. அவ வர்ற வரைக்கும் நிப்பாட்டுவன்.”

சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன் — வெள்ளிக்கிழமை கமிட்டி கூடுகிறது. ‘அந்த டீச்சரை வைத்திருப்பதா, அனுப்புவதா?’ என்று அங்கே பேச வேண்டுமாம், குரூப்பில் சில பெற்றோர் எழுதியிருந்தார்கள். அங்கே தலைவர் யார்? படம் போட்ட ஹாஜியார்! வேன் நிறுத்தி மட்டும் என்ன ஆகப்போகிறது?

நான் பெரிதாகப் படித்தவன் இல்லை. ஹாஜியார் மாதிரி ஆட்களை எதிர்த்துப் பேசிப் பழக்கமும் இல்லை. ஆனால் வேனில் ஒரு சீட் காலியாக இருக்கும்போது ஸ்டேரிங் பிடித்த கை சும்மா இருக்க விடவில்லை. பின்னேரம் ஹாஜியார் வீட்டுக்குப் போனேன்.

ஹாஜியார் படத்தைப் போட்ட கையோடு வண்ணாத்திவில்லுவில் இருக்கும் தன் கஜுத் தோட்டத்துக்குப் போய், அப்போதுதான் திரும்பியிருந்தார். அங்கே சிக்னல் இல்லை, அதனால் குரூப்பில் பிறகு நடந்த ஒன்றும் அவருக்குத் தெரியாது. கதிரை போட்டார். பிளேன்டீ வந்தது.

“என்ன தம்பி, வேன்ல ஏதும் பிரச்சினையா?”

“வேன்ல இல்ல ஹாஜியார். நீங்க போட்ட படத்தில.”

“ஓம், பாத்தீங்களா? காலம் கெட்டுப்போச்சி. நல்லதுக்குத்தான் போட்டன். அந்தப் புள்ளட வாப்பாக்குப் போய்ச் சேரணுமே.”

“சேராது ஹாஜியார்.”

“ஏன்?”

“அவட வாப்பா மவுத்தாகிட்டார். ஜனாஸா அடக்க நீங்களும் வந்தீங்க. தொழுகையில எனக்கு முன் சப்பில, முன் வரிசையில நிண்டீங்க.”

ஹாஜியார் என்னையே பார்த்தார். பிறகு மெதுவாக, “யார்ட புள்ள அது?” என்றார்.

“ஒங்கட பேரனுக்கு மூக்குத் தொடச்சி விடுற டீச்சர்.”

அவருக்கு முகம் அடையாளம் தெரியவில்லை. எப்படித் தெரியும்? பர்தாவோடு, தூரத்தில், கூட்டத்தில் மட்டுமே பார்த்தவர். டீயைத் தூக்கிய கை அப்படியே நின்றது.

“நான்… பாவம் கெடைக்கட்டும் எண்டா போட்டன், தம்பி? அறிவிக்கத்தானே…”

“அறிவிக்கணும் எண்டா ஒரு போன் கோல் எடுக்கலாம். ஒரு வீட்டுக்குப் போய்க் கதவத் தட்டலாம். ஊரக் கூட்டிக் காட்டித்தானா ஒரு வாப்பாக்கு அறிவிக்கணும்?”

திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. “நானும் அதத்தான் கேட்டன். எனக்கு ஒண்டும் வெளங்காதாம். போன் வெளங்கின ஆள் செஞ்ச வேலயப் பாருங்க!”

ஹாஜியார் டீயைக் கீழே வைத்தார். நானும் டீயை முடிக்காமல் எழும்பி வந்துவிட்டேன்.

அடுத்த நாளும் ஒழுங்கை வாசலில் நிறுத்தினேன். ஹோர்ன். கதவு திறக்கவில்லை. அதற்கு மறுநாளும் அப்படித்தான். பிள்ளைகளின் வாப்பா ஒருவர் கோல் எடுத்தார். “அவ வேன்ல ஏறினா என்ட புள்ளைகள் ஏறாது” என்றார். “அப்ப வேற வேன் பாருங்க தம்பி” என்றேன். பார்த்துவிட்டார். வீட்டில் சொன்னேன். வருமானம் குறையும் என்று ரமீஸா கவலைப்படுவார் என்று நினைத்தேன். “நல்லம், மத்தப் புள்ளைகளுக்குக் கால நீட்ட எடம் கெடைக்கும்” என்றார்.

என் மகள்தான் ஒரு கேள்வி கேட்டாள். உங்கள் வயதுதான் அவளுக்கு.

“வாப்பா, டீச்சர் அந்தப் படத்த எடுக்காம இருந்திருந்தா ஒண்டும் நடந்திருக்காதுதானே?”

“நீ ஒரு ரகசியத்த ஒன்ட கூட்டாளிட்டச் சொல்ற. அவ அத வகுப்பு முழுக்கச் சொல்றா. அப்ப பிழ யார்ட?”

“அவட.”

“நீ ஏன் சொன்ன எண்டு நான் ஒனக்கு ஏசட்டுமா?”

கொஞ்சம் யோசித்தாள். “ஏசினீங்க எண்டா இனி ஒங்கள்ட்ட ஒண்டுமே சொல்லமாட்டன்” என்றாள்.

பார்த்தீர்களா? அங்கேதான் விசயம் இருக்கிறது. வாப்பா ஏசுவார், உம்மா போனைப் பறிப்பார் என்ற பயத்தில்தான் பிள்ளைகள் வாயை மூடுகிறார்கள். மூடிய வாயை வைத்துத்தான் கெட்டவர்கள் மிரட்டுகிறார்கள். அன்று என் மகளிடம் சொன்னதை உங்களிடமும் சொல்கிறேன். யாராவது உங்களிடம் அப்படி ஒரு படம் கேட்டாலோ, உங்கள் படத்தை வைத்து மிரட்டினாலோ, நம்பிக்கையான ஒரு பெரியவரிடம் உடனே ஓடிப் போங்கள். முதலாமவர் காது கொடுக்காவிட்டால் இரண்டாமவரிடம் போங்கள். பிழை உங்களுடையது இல்லை. வாப்பாமாரே, இதை வாசிக்கிறீர்கள்தானே? ஓடி வருகிற பிள்ளைக்கு முதலில் தண்ணீர் கொடுங்கள். ஏச்சு வேண்டாம்.

சரி, வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

ஜும்ஆவுக்குப் பிறகு கமிட்டி கூடியது. நான் உறுப்பினர் இல்லை, வாசலில் நின்றேன். ஒருவர் தொடங்கினார்: “பெற்றோர் விரும்புறாங்க இல்ல. டீச்சர மாத்துறதுதான் மரியாத.”

ஹாஜியார் எழும்பினார்.

“மாத்துவம். ஆனா படத்த எடுத்தவள மாத்த முந்தி, பரப்பினவன மாத்தணும். நான் பரப்பினன். மொதல்ல என்ட கதிரைக்கு ஆளப் பாருங்க.” பிறகு கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். “பரப்பின மத்த ஆக்களும் எழும்பலாம்.”

யாரும் எழும்பவில்லை. ஆனால் எல்லோரும் போனைச் சட்டைப்பைக்குள் வைத்தார்கள். டீச்சரை மாற்றுகிற பேச்சு அத்தோடு நின்றது.

அவர் அதோடு விடவில்லை. மனைவியையும் கூட்டிக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டார். டீச்சர் என்ன சொன்னார்? “மன்னிப்பு பிறகு, ஹாஜியார். மொதல்ல பொலிஸுக்கு வாங்க” என்றாராம்! போனார்கள். பெண்கள், சிறுவர்களுக்கான பிரிவில் முறைப்பாடு எழுதினார்கள். யாரிடமிருந்து வந்தது, எந்த நம்பர், யார் யாருக்குப் போனது — ஹாஜியார் தன் போனைக் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னார். “என்ட பேரையும் எழுதுங்க” என்றாராம். தான் படம் அனுப்பிய ஒவ்வொருவருக்கும் கோல் எடுத்து அழிக்கச் சொன்னார். எழுதத் தெரிந்த மனிதர்தான், ஆனாலும் குரூப்பில் தன் வாயாலேயே ஒரு வொய்ஸ் போட்டார்: “நான் செஞ்சது பிழ. அழிச்சிருங்க. அதிகம் பகிரவும் எண்டது நான்தான். இப்ப அதிகம் அழிங்க.”

எல்லோரும் அழித்தார்களா? எனக்குத் தெரியாது. அதுதான் இந்த விசயத்தில் பெரிய கொடுமை. போன படத்தை முழுதாகத் திருப்பிப் பிடிக்க முடியாது. நம் கையில் இருப்பது ஒன்றே ஒன்று — நம் கைக்கு வந்தது நம் கையோடு நிற்க வேண்டும்.

திங்கட்கிழமை காலை. ஒழுங்கை வாசல். ஹோர்னில் கை வைக்கப் போனேன். வைக்கத் தேவைப்படவில்லை. பஸ்னா டீச்சர் முதலே வந்து நின்றார். சனம் பார்த்தது. அவரும் சனத்தைப் பார்த்தார். பிறகு ஏறி, தன் இடத்தில் உட்கார்ந்து, “யார்ட சப்பாத்து இது, யார்ட கால்ல இரிக்கி?” என்றார்.

ஹாஜியாரின் பேரனுடையதுதான்.

இந்தப் பத்தியை எழுதியதும் முதலில் டீச்சரிடம்தான் வாசித்துக் காட்டினேன். அவர் சரி என்ற பிறகுதான் பத்திரிகைக்கு அனுப்பினேன். ஒரு வரியை வெட்டச் சொன்னார். வெட்டிவிட்டேன். என்ன வரி? சொல்ல மாட்டேன்.

இன்னும் ஒன்று. இனி உங்கள் போனுக்கு இப்படி ஒரு படம் துஆவோடு வந்தால், படத்தை அழித்துவிட்டு ஆமீன் சொல்லுங்கள்.