ஆறு மணி பேட்ச்

பன்னிரண்டு டைப்ரைட்டர்கள் தடதடக்கிற அறையில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவளுக்குப் பேச ஆளில்லை என்றால் நம்புவீர்களா? எண்பதுகளில் விழுப்புரத்தில் ஒரு இன்ஸ்டிடியூட்டில் டைப்பிங் சொல்லிக்கொடுத்தேன். அப்படி எங்காவது உட்கார்ந்து சுண்டுவிரல் வலிக்க அடித்தவர் என்றால், நீங்களும் என் கட்சி.

லட்டு

படித்தவர்கள் வேலை கிடைத்ததும் லட்டோடு வருவார்கள். அடுத்த வாரம் அந்த மெஷினில் வேறொருவர் இருப்பார். அம்மா போன பிறகு நான் தனியாக ஒரு ரூமில் இருந்தேன். ஒருமுறை அரசுத் தேர்வு எழுதித் தோற்றதோடு புத்தகத்தைக் கட்டிவைத்துவிட்டேன். மெட்ராஸுக்குக் கிளம்பிய சரவணன் லட்டை நீட்டிக்கொண்டே கேட்டான்: "நீங்க ஏன் மிஸ் இன்னும் இங்கியே கீறீங்க?"

அஞ்சலை

அஞ்சலை விக்கிரவாண்டியிலிருந்து முதல் பஸ்ஸில் காலை ஆறு மணி பேட்ச்சுக்கு வருவாள். வயது இருபத்துநாலு, கல்யாணம் ஆனவள். கிளாஸ் முடிந்ததும் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்குகிற கூலி வேலைக்கு ஓட வேண்டும். அரசுத் தேர்வுக்காகத் தினமும் ஒரு பக்கம் பொது அறிவு எழுதிப் பார்ப்பாள், மழையானாலும் காய்ச்சலானாலும். காலையில் கதவைத் திறப்பது நான்தான். ஒருநாள் தூங்கிப்போய்ப் பத்து நிமிஷம் தாமதமாக ஓடினேன். படிக்கட்டில் நோட்டோடு உட்கார்ந்திருந்தாள். "பதறாதீங்க மிஸ், நான் பாட்டுக்குப் படிச்சிக்கினுதான் இருந்தேன்."

எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. அன்றைக்கே புத்தகக் கட்டை அவிழ்த்தேன்.

மை

யாரிடமும் சொல்லவில்லை. என் விரலில் இருந்த பேனா மையைப் பார்த்து அவளே கண்டுபிடித்தாள். வயது வரம்புப்படி எனக்கு அதுதான் கடைசி வாய்ப்பு என்றேன். அதிலிருந்து மற்றவர்கள் வருவதற்கு முன் கால் மணி நேரம் ஒருவரை ஒருவர் கேள்வி கேட்டுக்கொண்டோம். அன்றன்றைக்கு நான் வாய்விட்டுப் பேசியது அவ்வளவுதான். நான் தப்பாகச் சொன்னால் அவள் சிரிக்கமாட்டாள். "அதை நாளைக்கும் கேப்பேன் மிஸ்."

ரிசல்ட்

இருவரும் தேர்வு எழுதினோம். பேப்பரில் என் நம்பர் வந்திருந்தது. அவள் நம்பர் இல்லை. பேப்பரை எங்கே ஒளிப்பது என்று தவித்துக்கொண்டு நின்றேன். அவள் பஸ் ஸ்டாண்டிலேயே பார்த்துவிட்டு வந்திருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு சந்தோஷப்பட்டாள். வழக்கம்போல மெஷினில் தாளைச் செருகி இரண்டு வரி அடித்தாள். அப்புறம் திரும்பாமலே கேட்டாள்: "இனிமே யாரு மிஸ் கதவைத் தெறப்பாங்க?"

திண்டிவனம்

திண்டிவனத்தில் ஒரு அலுவலகத்தில் வேலை. ஐந்து மணிக்கே விழிப்பு வந்துவிடும், போக இடமிருக்காது. எட்டரைக்கே போய் ஆபீஸ் வாசலில் நிற்பேன். ஒருநாள் சீக்கிரம் வந்த ஹெட் கிளார்க் சிரித்தார். "ஏம்மா, வூட்ல யாரும் இல்லியா?"

கார்டு

அடுத்த தேர்வில் அஞ்சலையும் தேறிவிட்டாள். ஒரு கார்டு வந்தது. அந்தக் கையெழுத்தைப் பார்த்ததும் வாசலிலேயே நின்று படித்தேன். "எனக்கும் வேலை கெடச்சிட்டுது மிஸ், தர்மபுரியில. இங்க யாரையும் தெரியாது. நீங்க எப்படி இருக்கீங்க?"

தெரிந்தவர்கள் எல்லாரும் நான் வாழ்க்கையில் முன்னேறிவிட்டதாகச் சொல்கிறார்கள். மறுத்துப் பேச வழியில்லாமல் நானும் ஆமாம் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.