தேர் நின்ற தெருவில் எறும்புத் தடம்

தேர் தெருமுனையில் நின்றுவிட்டது என்று கேள்விப்பட்டபோது எனக்குப் பயம் வரவில்லை. காஞ்சிபுரத்தில் அது புதிதல்ல. சக்கரத்துக்குக் கட்டை போட்டுத் திருப்பும்வரை ஊரே காத்திருக்கும். முதலுதவிப் பந்தலில் நர்ஸ் செல்வி அக்கா, "தம்பி, பச்ச லைட்டு வரலியேபா" என்றபோதுதான் பயம் வந்தது.

இந்தத் துறைக்குப் புதிதாக வருபவர்களுக்காக, அன்று நடந்ததை எழுதி வைக்கிறேன்.

1. எறும்பு

இரை கண்ட எறும்பு திரும்பும் வழியெல்லாம் ஒரு வாசனையைத் தடவிக்கொண்டு வரும். மற்றவை அதைப் பிடித்துப் போகப் போக வாசனை கூடும். யாரும் போகாத தடம் ஆவியாகிவிடும். செய்திகளையும் இப்படி அனுப்பலாம் என்பதுதான் என் ஆராய்ச்சி. திருவிழாக் கூட்டத்தில் செல்ஃபோன் திணறும். அப்போது கம்பங்களில் கட்டிய சின்ன ரேடியோ பெட்டிகள் ஒன்றுக்கொன்று செய்தியைக் கைமாற்றும். எந்த வழியாகப் போனால் சேர்கிறது என்று தாங்களே கற்றுக்கொள்ளும்.

எங்களுக்குத் திருப்பருத்திக்குன்றம். விவசாயம் பார்க்கும் ஜைனக் குடும்பம். பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அம்மா எறும்பைக் கொல்ல மாட்டார். அடுக்களையில் வரிசை வந்தால், இடைவெளி விழும் இடமாகப் பார்த்து ஈரத்துணியால் தடத்தை மட்டும் துடைத்துவிடுவார்.

"எறும்பு எந்தப் பக்கம் போவுதுன்னு பாக்கறதுக்கா உனக்குச் சம்பளம்? வூட்டுக்கு வாடா, ஓசியிலயே காட்டறேன்" என்பார்.

2. தேர்

தேர் வரும் தெருவில் கரண்டை நிறுத்துவார்கள், கடந்ததும் விடுவார்கள். அதற்காகத்தான் பெட்டிகளில் பேட்டரி வைத்திருந்தோம். தேர் கடக்கும் நேரம் தாங்கினால் போதும் என்று சிறிய பேட்டரி. தேர் வழியில் நிற்கும் என்பது எனக்குத் தெரியாதா என்ன? தெரியும். ஆனால் எங்கள் ஊரில் யாரும் அதைத் தாமதமாக நினைப்பதில்லை. அதுவும் உற்சவத்தில் சேர்ந்ததுதான். எனவே அது என் கணக்கிலேயே வரவில்லை.

பந்தலின் பெஞ்சில், வடம் பிடித்தவர் ஒருவரைப் படுக்க வைத்திருந்தார்கள். நெஞ்சுவலி. சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது. அவர் மனைவி முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார். செல்வி அக்கா, பந்தலில் நாங்கள் வைத்திருந்த கருவியை அழுத்தி ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருந்தார். செய்தி அங்கே சேர்ந்தால் இங்கே பச்சை எரிய வேண்டும். எரியவில்லை.

"ஃபோன் போட்டுப் பாருக்கா."

"போட்டுக்கினேதான் இருக்கறேன். சிக்னல் கோடு முழுசா காட்டுது, கால் போவ மாட்டேங்குது."

ஆம்புலன்ஸை அழைத்துவர ஆள் விட்டோம். அவர் கூட்டத்துக்குள் போனது தெரிந்தது. பிறகு தலைகள்தான் தெரிந்தன.

லேப்டாப்பைத் திறந்தேன். தேர் நின்ற தெருவில் எல்லாப் பெட்டிகளும் உயிரோடு இருப்பதாகக் காட்டின. அதைப் பார்த்ததும்தான் புரிந்தது. தேர் நகராததால் கரண்ட் வராமல் பேட்டரி இறங்கிய பெட்டிக்கு 'இருக்கிறேன்' என்ற சின்ன சிக்னலை அனுப்பத் தெம்பு இருந்தது. முழுச் செய்தியை அனுப்ப முயன்றதும் அணைந்து, மறுபடி எழுந்து, 'இருக்கிறேன்' என்றது. காலையிலிருந்து நல்ல வழியாக இருந்ததால் அங்கேதான் தடம் அழுத்தமாகப் பதிந்திருந்தது. செய்திகள் வரிசையாக அந்தத் தெருவுக்குள் போய்ச் செத்துக்கொண்டிருந்தன.

எல்லாப் பெட்டிகளின் தடத்தையும் ஒரே கட்டளையில் அழிக்கலாம். அழித்தால் புது வழி தேடும்வரை ஊர் முழுக்கச் செய்திகள் குருட்டாம்போக்கில் அலையும். வேறு பந்தலிலும் இதேபோல் ஒருவர் படுத்திருந்தால்? இந்தத் திருவிழாவில் நடக்கும் சோதனை முடியும்வரை எதையும் தொடாதே என்று என் வழிகாட்டி மேடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அவரைக் கேட்கவும் வழியில்லை. அவர் ஆம்புலன்ஸ் பக்கத்தில் நின்றிருந்தார்.

"வருதா தம்பி?" என்றார் விசிறிக்கொண்டிருந்த அம்மா.

"வருதும்மா" என்று சொல்லிவிட்டு அழித்தேன்.

செல்வி அக்கா மறுபடி அழுத்தினார். ஒன்றும் இல்லை. மறுபடி. பெஞ்சில் இருந்தவரின் உதடு வெளுத்துவந்தது. தெருவில் வடம் இழுக்கும் கூச்சல் எழுந்து அடங்கியது. அந்த அம்மா விசிறுவதை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தார். நான் திரையைவிட்டுத் தலையைத் தூக்கவில்லை.

பச்சை எரிந்தது. செய்தி பின்தெருக்களைச் சுற்றிக்கொண்டு போயிருந்தது. ஆம்புலன்ஸும் அந்த வழியாகத்தான் வந்தது. மேடம் அதிலிருந்து இறங்கினார்.

"எல்லாத்தையும் அழிச்சிட்டியா?"

"ஆமா மேடம்."

"சோதனை போச்சு" என்றார். பிறகு, "நானா இருந்தா அனுமதி கேட்டுக்கிட்டு நின்னிருப்பேன்" என்றார்.

நெஞ்சுவலி வந்தவர் பிழைத்துக்கொண்டார். மற்றப் பந்தல்களுக்கு ஒவ்வொன்றாக நடந்துபோய்க் கேட்டேன், அந்த இடைவெளியில் யாராவது கூப்பிட்டீர்களா என்று. இல்லை என்றார்கள். கடைசிப் பந்தலில் இல்லை என்று சொன்ன பிறகும் இன்னொரு முறை கேட்டேன்.

இப்போது எங்கள் பெட்டிகளில் தடம் சீக்கிரம் மங்கிவிடும். செய்தியைச் சேர்க்காத பெட்டி 'இருக்கிறேன்' என்று சொன்னாலும் பக்கத்துப் பெட்டி நம்பாது. நீங்கள் எதைச் செய்தாலும், அது எவ்வளவு கற்கிறது என்பதோடு எப்போது மறக்கிறது என்றும் பாருங்கள்.

அம்மா இன்றும் தடத்தைத் துடைக்கிறார். வரிசை உடைந்து எறும்புகள் சிதறி, திசை தெரியாமல் சுற்றும். ஏதாவது ஒன்று வழி கண்டுபிடிக்கும்வரை என்னால் அடுக்களையை விட்டு நகர முடிவதில்லை.