எலிக்கூண்டுத் தட்டில் படிந்த பச்சை

பல்கலைக்கழக விலங்குக் கூடத்துக்கு வேலைக்கு வருவதற்கு முன் ருக்குமணி பதினோரு வருஷம் புக்கிட் தெங்காவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இருந்தாள். லென்ஸை வைத்துக்கொண்டு சர்க்கிட் போர்டில் பழுது தேடும் வேலை. தொழிற்சாலையை மூடியதும் கடல் பாலம் தாண்டித் தீவுப் பக்கம் வந்து, எலிகளுக்குத் தீனி வைக்கவும் கூண்டுக்கு அடியில் மூத்திரம் விழும் தட்டுகளைக் கழுவவும் சேர்ந்தாள். இடம்தான் மாறியது, கண் மாறவில்லை.

அந்த வருஷம் டாக்டர் சல்மா நாற்பது எலிகளை வைத்து ஓர் ஆய்வு தொடங்கியிருந்தார். பாதி எலிகளுக்கு முழுத் தீனி, பாதிக்கு வைட்டமின் பி6 நீக்கிய தீனி. எது எதுவென்று ருக்குமணிக்குச் சொல்லவில்லை. சிவப்புச் சீட்டு மூட்டை மேல் அடுக்குக்கு, நீலச் சீட்டு மூட்டை கீழ் அடுக்குக்கு, அவ்வளவுதான். எஃகுத் தட்டு பற்றாததால் பழைய இரும்புத் தட்டுகளையும் துருவோடு எடுத்துப் போட்டிருந்தார்கள்.

மூன்றாவது வாரம் ஒரு புதன்கிழமை, மேல் அடுக்கில் ஓர் இரும்புத் தட்டை உருவியவள் அப்படியே நின்றுவிட்டாள். மூத்திரம் பட்ட துருவில் பச்சை படிந்திருந்தது. அடுத்த தட்டிலும் அப்படியே. கீழ் அடுக்கு இரும்புத் தட்டுகளில் இல்லை.

மேற்பார்வையாளர் தயாளன் எட்டிப் பார்த்தான். "பாசி பிடிச்சிருக்கு, அக்கா. நல்லா தேச்சிக் கழுவணும் லா."

ருக்குமணிக்குச் சுருக்கென்றது. அவள் கழுவிய தட்டை இதுவரை யாரும் குறை சொன்னதில்லை. எல்லா இரும்புத் தட்டையும் பளிச்சென்று தேய்த்துக் காயவைத்தாள். பிறகு மேல் அடுக்குத் தட்டுகளைக் கீழேயும் கீழ் அடுக்குத் தட்டுகளை மேலேயும் மாற்றிச் செருகினாள். பாசி என்றால் தட்டோடு போகட்டும். எலி என்றால் எலியோடு நிற்கட்டும்.

வெள்ளிக்கிழமை பச்சை மறுபடி வந்தது, மேல் அடுக்கில் மட்டும். கூண்டு எண்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு நேரே டாக்டர் அறைக்குப் போனாள்.

"டாக்டர், சிவப்புச் சீட்டு எலிங்க மூத்திரம் இரும்புல பட்டா பச்சையாவுது. நீலத்துல ஒண்ணுகூட இல்ல."

சல்மா நிமிர்ந்தார். "நீலம்னுதானே சொல்றீங்க, அக்கா?"

"சிவப்பு. தட்டை மாத்தி வச்சும் பாத்துட்டேன்."

சல்மா ஆய்வுக் குறிப்பேட்டை இழுத்துப் புரட்டினார். சிவப்புதான் முழுத் தீனி. தீனியில் இருக்கும் ட்ரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்தை உடம்பு ஒழுங்காகச் சிதைக்க பி6 வேண்டும். அது குறைந்தால் வேலை பாதி வழியில் திசைமாறி, வேறொரு அமிலம் மூத்திரத்தில் இறங்கும். இரும்பைத் தொட்டால் அது பச்சையாகும். அப்படியானால் வைட்டமின் இல்லாமல் தவிப்பது மேல் அடுக்கு எலிகள்!

அன்றைக்கே இரண்டு அடுக்கிலிருந்தும் மூத்திரம் எடுத்து, இரும்பு உப்புக் கரைசலை ஒரு சொட்டு விட்டார்கள். மேல் அடுக்கினது பச்சையானது, கீழ் அடுக்கினது ஆகவில்லை. தீனியைப் பரிசோதனைக்கு அனுப்பியதில் விஷயம் வெளிவந்தது: தயாரித்த இடத்திலேயே சீட்டு மாறி ஒட்டப்பட்டிருக்கிறது. கவனிக்காமல் விட்டிருந்தால் ஆய்வின் முடிவு முழுக்கத் தலைகீழாகப் போயிருக்கும்.

கட்டுரை எழுதும்போது சல்மா அவளைக் கூப்பிட்டார். "கடைசியில நன்றின்னு உங்க பேர் போடுறேன், அக்கா."

"நன்றி வேணாம், டாக்டர். நான் செஞ்சத எழுதுங்க. தட்ட மாத்தி வச்சுப் பாத்தது யாருன்னு."

சல்மா சிரித்து, கட்டுரையின் செய்முறைப் பகுதியைத் திறந்து, அவள் சொன்ன தேதிகளோடும் அவள் முழுப் பெயரோடும் நான்கு வரி சேர்த்தார்.

கட்டுரை வெளிவந்த வாரம் ருக்குமணி சூலியா தெருவில் ஒரு கடையில் தன் பெயர் வந்த பக்கத்தை அச்செடுத்து, தண்ணீர் படாமல் பிளாஸ்டிக் உறை போட்டு, கழுவுமிடத்துக்கு மேலே ஒட்டினாள். கோணலாக இருந்த ஒரு மூலையைத் தயாளனே சரிசெய்து கொடுத்தான். புதிதாக வருகிறவர்கள் என்ன அது என்று கேட்டால், அவள் கையைத் துடைத்துக்கொண்டு, பி6-இலிருந்து தொடங்கி முழுக்கச் சொல்வாள்.